எடையேற்றம் உலைக்குரியதா? சால்கோபைரைட்டின் வெப்ப எடைக்கோடு: ஒரு மறுவாசிப்பு

செம்புத் தாதுவான சால்கோபைரைட்டின் தூளைக் காற்றில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றினால், ஏறத்தாழ 400 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் மாதிரியின் எடை கூடும். 700-ஐ ஒட்டி இறங்கத் தொடங்கும். சல்பேட் உருவாகிப் பின்னர் சிதைவதே காரணம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. இந்த ஏற்றத்தை உருக்கலின் ஒரு படிநிலையாகக் கொண்டு, 1996-இல் தூத்துக்குடியில் இயங்கத் தொடங்கிய ஐசாஸ்மெல்ட் என்ற செம்பு உருக்கு உலை வகைக்கும் பொருத்தும் வாசிப்பு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

முதலில் எடைக்கோட்டையே பார்ப்போம். 100 மில்லிகிராம் தூய சால்கோபைரைட் முழுவதும் ஆக்சைடானால் 86.9 மி.கி. எஞ்சும், முழுவதும் சல்பேட்டானால் 195.9 மி.கி. ஆகும். தாது முழுவதும் வினைபுரிந்து, அதில் 12 விழுக்காடு மட்டும் சல்பேட்டாகி எஞ்சியது ஆக்சைடானால், தராசு மறுபடியும் 100 மி.கி. என்றே காட்டும். எதுவுமே நிகழாத மாதிரிக்கும் அதே எடைதான். ஆகவே எடைக்கோடு சமமாக ஓடும் இடத்தை 'வினையற்ற பகுதி' எனக் குறிப்பது துணிச்சலான முடிவு. வெளியேறும் கந்தக டை ஆக்சைடை உடனுக்குடன் அளக்காதவரை அந்தக் கோட்டுக்கு ஒற்றைப் பொருள் கிடையாது.

உலையில் நிலைமை வேறு. அங்கே தாது 1,180 டிகிரியை ஒட்டிய உருகுகுழம்பில் விழுகிறது. அந்த வெப்பத்தில் செம்பு, இரும்பு சல்பேட்டுகள் நிலைக்கா. ஈட்டிக்குழாய் வழியே வரும் ஆக்சிஜனைக் கசடிலுள்ள மேக்னடைட் ஏற்று இரும்பு சல்பைடுக்குக் கடத்துகிறது. ஈரத்தாது உருண்டைகளாக விழுவதால் மெல்லத்தான் சூடேறும் என்று சொல்லப்படலாம்; ஆனால் குழம்பில் அது நிமிடக்கணக்கில் 500 டிகிரியில் காத்திருப்பதில்லை. ஆய்வகத்தில் சூடேற்றும் வீதத்தை நிமிடத்துக்கு 100 டிகிரியாக உயர்த்தினாலும் உலையோடுள்ள இடைவெளி அடைபடாது.

அப்படியானால் அந்த ஏற்றம் பயனற்றதா? அதற்குரிய இடம் கழிவுவெப்பக் கொதிகலன் என்பதே என் முடிவு. உலைவாயு அங்கே 700 டிகிரிக்குக் கீழே குளிரும்போது, உடன் வரும் செம்புத் தூசி ஆக்சிஜனோடும் கந்தக டை ஆக்சைடோடும் சேர்ந்து சல்பேட்டாகிறது. சில நிலைகளில் குழாய்களில் ஒட்டிப் படிகிறது. சல்பேட்டாதல் வெப்பத்தை வெளிவிடும் வினை. கொதிகலன் கணக்கில் அதைச் சேர்த்தே ஆகவேண்டும். ஆய்வகத் தராசில் வைக்க வேண்டியதும் தாதுவைவிட இத்தூசியே. சூழலும் வெறுங்காற்றாக இராமல், கந்தக டை ஆக்சைடு கலந்த வாயுவாக இருக்கவேண்டும்.

இந்த வேறுபாடு ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை முன்னிட்டு, மேலே சொன்ன தூத்துக்குடி உலை இயங்கிய ஆலை பற்றி நடந்த வழக்குகளில், தொலைவும் வெளியேற்றமும் அலசப்பட்டன. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் மூட ஆணையிட்டது. 2013-இல் உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2018-இல் மாநில அரசு ஆலையை மூடியது. ஆலை நின்றுவிட்டபின் இந்த வேதியியல் எதற்கு என்பது வலுவான மறுப்பன்று. படிவால் கொதிகலன் அடைபட்டால் உலையை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும்; உலைவாயுவின் கந்தக டை ஆக்சைடை அமிலமாக மாற்றும் ஆலை சீராக இயங்காத நேரமும் அதுவே. கரையோரக் காற்றுக்கு ஓர் உலை என்ன செய்யும் என்று மதிப்பிட முனைவோர், தாதுவின் எடைக்கோட்டைத் தூசியின் எடைக்கோட்டுக்கு மாற்றாக இனியும் முன்வைக்கலாகாது.