ஐதராபாத்தில் எது பெரிது?

ஔவைப் பிராட்டியை நோக்கி முருகப் பெருமான் பெரியது எது என்று வினவிய கதையைச் சிறு வயதில் கேளாத தமிழர் அரியர். ஊர் காணச் செல்வோரும் அதே வினாவை வேறு விதமாகக் கேட்கின்றனர். சார்மினாரின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் தமிழ்நாட்டு யாத்திரிகர், "இது எத்தனை அடி உயரம்? தஞ்சைக் கோபுரத்தைவிடப் பெரியதா?" என்று கேட்பது வழக்கம். இந்த ஒப்புமையை இன்று நாமும் சற்று விரிவாகச் செய்து பார்ப்போம். ஐதராபாத் நகரத்தின் கட்டடங்களையும் குன்றையும் நீர்நிலைகளையும் அளவுகோல் கொண்டு நோக்கி, அவற்றுள் எது பெரிது என்று ஆராய்வோம்.

முதலில் சார்மினாரை எடுத்துக்கொள்வோம். கோல்கொண்டாவை ஆண்ட முகம்மது குலி குதுப்ஷா 1591-ஆம் ஆண்டில் தமது புதிய நகரத்தின் நடுவே இதனை எழுப்பினார். இதன் நான்கு ஸ்தூபிகளும் ஏறத்தாழ 184 அடி உயரமுடையவை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமோ 216 அடி என்று மரபாகச் சொல்லப்படுகிறது. இராஜராஜ சோழர் அதனைக் கட்டி முடித்தது 1010-ஆம் ஆண்டில்; சார்மினாருக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் முந்தியது. டெல்லியில் உள்ள குதுப்மினார் சுமார் 240 அடி. எனவே உயரத்தை மட்டும் கருதினால் இம்மூன்றனுள் சார்மினார் மூன்றாம் இடத்தையே பெறும்.

ஆனால் நேரிற் காண்போர் கண்ணுக்கு அது சிறியதாகத் தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒவ்வொரு பக்கமும் சுமார் 66 அடி நீளமுள்ள சதுரம் அது. பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய வளைவுகள். ஒவ்வொன்றின் அகலமும் 36 அடி. நான்கு திசையிலிருந்தும் வரும் வீதிகள் அவ்வளைவுகளை நோக்கியே வருகின்றன. வெகு தொலைவிலிருந்து நடந்து வருபவர் பார்வையில் அது சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டே வருகிறது.

இனி மனிதன் கட்டாத ஒன்றுக்கு வருவோம். நகரத்துக்கு மேற்கே கோல்கொண்டாக் கோட்டை அமைந்துள்ள கருங்கற் குன்று தரையிலிருந்து ஏறத்தாழ 400 அடி உயரமுடையது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சார்மினார்களை வைத்தாலும் அதன் உச்சியை எட்டா. கோட்டையின் வெளி மதில் சுமார் 10 கிலோமீட்டர் நீளம் சுற்றி ஓடுகிறது. அதில் 87 கொத்தளங்கள் உள்ளன. அடிவாயிலாகிய பதே தர்வாஜாவில் ஒருவர் கைதட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் அவ்வோசை கேட்கிறது. அடியால் அளக்க வேண்டிய கோட்டையை அக்காலத்துக் காவலர் ஒலியாலும் அளந்தனர் எனலாம்.

குன்றுகளை இவ்வாறு ஒப்பிட வேண்டுமானால் அவற்றைச் சரியாக அளந்தவர் சிலர் இருந்திருக்க வேண்டும் அன்றோ? அவ்வரலாற்றில் தஞ்சைக்கும் ஐதராபாத்துக்கும் பங்குண்டு. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கில அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் நில அளவைப் பணியைத் தொடங்கினார். உயரமான இடங்களில் கருவியை வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளப்பது அவர் முறை. குன்றுகள் இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808-இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் அதனைத் தாமே பல வாரம் உழைத்துச் செப்பனிட்டார். அவருக்கு உதவியாளராக 1818-இல் நியமனம் பெற்று ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தவரே ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயர்ந்த சிகரம் 1865-இல் அவர் பெயரைப் பெற்றது. 29,032 அடி உயரமுள்ள அச்சிகரத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ 158 சார்மினார்களை அடுக்க வேண்டும்!

அண்மைக் காலத்துப் படைப்பு ஒன்றும் ஒப்பிடத் தக்கது. ஹுசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலை ஒரே கல்லால் ஆனது. உயரம் 58 அடி, எடை சுமார் 350 டன். அமெரிக்கச் சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு வந்த முதலமைச்சர் என். டி. ராமராவ் அவர்களின் விருப்பத்தால் இது உருவாயிற்று. தமிழ்நாட்டில் பிறந்த எஸ். எம். கணபதி ஸ்தபதி அவர்கள் தலைமையில் சிற்பிகள் இதனைச் செதுக்கினர். சுதந்திர தேவி பீடம் நீங்கலாகவே 151 அடி. எனவே புத்தர் அதில் பாதியும் இல்லை. ஆனால் அமெரிக்கச் சிலை செப்புத் தகடுகளால் பொதியப்பட்டு உள்ளே கூடானது. இதுவோ முழுக் கல். சிரவணபெளகொளாவில் பத்தாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட கோமதேசுவரரும் ஒரே கல்தான். உயரம் 57 அடி. அச்சிலை நின்ற பாறையிலேயே செதுக்கப்பட்டது. புத்தர் சிலையோ சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சாலை வழியே வந்து, பின் நீரைக் கடக்க வேண்டியதாயிற்று. 1990 மார்ச் 10 அன்று தெப்பம் சாய்ந்து சிலை ஏரியில் அமிழ்ந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். மூழ்கிய சிலையை மீட்டு நிறுவியது 1992 டிசம்பரில்தான். அதன் அளவைக் கூறும்போது அடியோடும் டன்னோடும் அப்பத்து உயிர்களையும் சேர்த்தே கூற வேண்டும்.

இதுகாறும் நாம் உயர்ந்து நிற்பவற்றையே பார்த்தோம். கிடந்து பரந்தவற்றையும் பார்ப்போம். புத்தர் நிற்கும் ஹுசேன் சாகர் 1562-ஆம் ஆண்டளவில் இப்ராகிம் குலி குதுப்ஷா காலத்தில் வெட்டப்பட்டது. அதாவது நகரத்துக்கும் சார்மினாருக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே ஏரி தோன்றிவிட்டது. அதன் பரப்பு 5.7 சதுர கிலோமீட்டர் என்று குறிக்கப்படுகிறது. கரையோரம் நிரப்பப்பட்டமையால் பிற்காலத்தில் சுருங்கியும் விட்டது. அந்த 5.7 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 14,000 சார்மினார்களை நெருக்கமாக நிறுத்தலாம். ஆயினும் ஏரியைப் பார்த்து யாரும் அண்ணாந்து வியப்பதில்லை. படுத்திருப்பது பெரிதாகத் தோன்றாமை கண்ணின் இயல்பு.

அவ்வியல்பு எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதை 1908-ஆம் ஆண்டு காட்டியது. நகரத்தின் நடுவே ஓடும் மூசி ஆறு பெரும்பாலும் மெலிந்த ஓடையாகவே காணப்படும். அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று, அடைமழையால் மேற்புறத்து ஏரிகள் பல உடைந்து, வெள்ளம் நகருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 15,000 மக்கள் மாண்டனர். 19,000 வீடுகள் அழிந்தன என்பர். உருதுக் கவிஞர் அம்ஜத் தம் கண்ணெதிரிலேயே தாயையும் மனைவியையும் மகளையும் வெள்ளத்துக்குப் பறிகொடுத்துத் தனியராய்ப் பிழைத்தார்.

அன்று அப்சல்கஞ்சுப் பகுதியில் ஆற்றோரம் ஒரு புளியமரம் நின்றது. தப்பியோடியவர்கள் அதன் கிளைகளில் ஏறிக்கொண்டனர். சுமார் 150 பேர் அம்மரத்தால் உயிர் பிழைத்தனர். பிற்காலத்தில் அங்கு எழுந்த உஸ்மானியா மருத்துவமனையின் வளாகத்தில் அம்மரம் போற்றிக் காக்கப்பட்டது. செப்டம்பர் 28-இல் மக்கள் அதனடியில் கூடி அந்நாளை நினைவுகூர்வதும் உண்டு. சார்மினாரோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய மரமே. ஆனால் அன்றிரவு அதன் கிளையைப் பற்றியிருந்தவருக்கு ஐதராபாத்தில் அதனினும் பெரியது வேறொன்று இருந்திருக்குமா?

வெள்ளத்துக்குப் பின் நிஜாம் அரசாங்கம் பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டது. ஆற்றை நகரத்தில் அடக்க முயல்வதைவிட, நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தேக்குவது நன்று என்று அவர் கூறினார். அதன்படி 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் முடிந்தன. முன்னது ஏறத்தாழ 390 கோடி கன அடி கொள்ளும். நம் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவாகிய 364 கோடியைவிடச் சற்று அதிகம். பின்னது ஏறத்தாழ 297 கோடி. வீராணத்தின் 146 கோடியைப்போல் இரு மடங்கு. நகரத்துக்கு வெள்ளத் தடையாக வந்த இவை பல்லாண்டுகள் குடிநீரையும் தந்தன.

இவ்விரு நீர்நிலைகளையும் காக்கும் பொருட்டு, அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வரை பெரிய கட்டடங்களையும் தொழிற்சாலைகளையும் தடுக்கும் அரசாணை 1996-இல் பிறந்தது. 2022 ஏப்ரலில் வந்த வேறோர் ஆணை அத்தடைகளை நீக்கியது. நீர் மாசுபடாமல் காக்கலாம் என்று ஒரு சாரார் கூறினர். நிலமெல்லாம் கட்டடமானால் மழைநீர் எவ்வழியே செல்லும் என்று மறுசாரார் வினவினர். 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் பல நீரில் மூழ்கியதைக் கண்டவர்க்கு இவ்வினாவின் பொருள் விளங்கும். மேற்கு ஐதராபாத்தில் இன்று சார்மினாரைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு உயர்ந்த மாடங்கள் எழுகின்றன. அவற்றின் உயரத்தை எல்லோரும் அறிவர். ஏரியின் பரப்பு எத்தனை ஏக்கர் குறைந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

ஆகவே, நேயர்களே, அடுத்த முறை ஐதராபாத் செல்லும்போது சார்மினாரை அண்ணாந்து பாருங்கள்; தஞ்சையோடு ஒப்பிட்டும் மகிழுங்கள். பின்னர் சிறிது தூரம் வடக்கே நடந்து மூசியைக் கடந்து அந்தப் புளியமரம் எங்கே என்று விசாரியுங்கள். எது பெரிது என்ற வினாவுக்கு அதனடியில் நின்று விடை தேடுவது பொருத்தமாக இருக்கும்.