தூணருகே நின்றவர்

திருக்கழுக்குன்றத்தின் பழைய படம் என்று தேடினால் பெரும்பாலும் கழுகுகள்தான் கிடைக்கும். மலைமேல், உச்சிவேளையில், பாறையில் அமர்ந்த ஒருவர் இரண்டு பறவைகளுக்குப் பொங்கல் ஊட்டும் காட்சி அஞ்சலட்டைகளிலும் புத்தகங்களிலும் அச்சாகிப் பரவியது. அந்தப் பறவைகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவற்றின் அலகும் இறகும் படத்தில் தெளிவாக இருக்கின்றன. அதே ஊரின் வீடுகளில் தொங்கும் குடும்பப் படங்களில் பெண்களின் முகங்கள் அத்தனை தெளிவாக இல்லை. சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட படங்களைக் கணினியில் திருத்திக் கொடுத்துவருகிறேன். மங்கியவை, பூஞ்சை பிடித்தவை, வெளிச்சம் போதாமல் எடுத்தவை என்று பலவும் வருகின்றன. இந்த இருட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு.

எனக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர் கொண்டுவந்த படத்தை எடுத்துக்கொள்வோம். 1940களில் வீட்டு முற்றத்தில் எடுத்தது. ஆண்கள் வெள்ளை வேட்டியில், வெயில் படும்படி நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால், தாழ்வாரத்து நிழலில் நிற்கிறார்கள். ஓரத்தில் பெரியம்மாவின் ஆயா. கைம்பெண் என்பதால் வெள்ளைச் சேலை. சேலை தெரிகிறது, முகம் தெரியவில்லை.

கேமரா ஒரு தடவைக்கு ஓர் அளவு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். வெயிலில் இருக்கும் வெள்ளை வேட்டிக்கு அந்த அளவைப் பொருத்தினால் நிழலில் நிற்பவர்கள் கறுத்துப்போவார்கள். நிழலுக்குப் பொருத்தினால் வேட்டி வெளிறிவிடும். யாருக்குப் பொருத்துவது என்பதைப் படமெடுப்பவர் முடிவு செய்ய வேண்டும். யார் எங்கே நிற்பது என்பதை வீடு முன்பே முடிவு செய்துவிடும். இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் அந்த ஆயாவின் முகத்தை மறைத்தன.

படச்சுருளுக்கும் இதில் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றில் கருமையாகப் பதிந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. அதன் பிறகும் சிவப்பை உணராத வகைகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. குங்குமப் பொட்டு கறுப்புப் புள்ளியானது. அரக்குச் சிவப்புப் பட்டு துக்கத்துக்கு உடுத்தியதுபோல் ஆனது. அந்தப் பழைய தட்டுகளில், மஞ்சள் பூசிக் குளித்துப் படத்துக்கு நின்ற பெண்ணின் முகம் அந்த மஞ்சளாலேயே இன்னும் கறுத்தது. வண்ணப் படம் வந்த பிறகும் அளவுகோல் மாறவில்லை. கோடக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய நிறச்சோதனை அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைத்தோல் பெண்ணே இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று கொள்ளப்பட்டது.

திருத்துவதும் கணினியோடு பிறந்த வேலை இல்லை. ஸ்டுடியோக்களில் ‘டச்சிங்’ செய்பவர்கள் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவ்மேல் மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கருமை கூடினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கம் போகும், முகம் சிவக்கும். போட்டோஷாப் வெளிவந்தது 1990இல். வெளுப்பாக்கும் ஆசை அதற்கு மிகவும் மூத்தது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்வேன். மஞ்சள் கறைகள் நீல அடுக்கில் அழுத்தமாகவும் சிவப்பு அடுக்கில் மிக மெலிதாகவும் தெரியும். ஆகவே கறை படிந்த படத்துக்குச் சிவப்பு அடுக்கைப் பயன்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். 8 பிட்டில் சேமித்தால் ஒவ்வோர் அடுக்கிலும் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள்தான். 16 பிட்டில் 65,536. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இடத்திலும் நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க இத்தனை படிகள் தேவை. பிறகு வெளிச்சத்தை மொத்தமாக ஏற்றாமல், நிழலில் நிற்பவர்களை மட்டும் தனியே வரைந்து பிரித்து, அவர்கள்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். ஒரு வரம்பும் உண்டு. எடுக்கும்போதே நெகட்டிவில் வெள்ளித்துகள் படியாத இடத்தில் மீட்க எதுவும் இராது. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெரியம்மாவின் படத்தில் ஆயாவின் முகம் கொஞ்சம் வந்தது. ஒட்டிய கன்னம், இறுக மூடிய வாய், வெறும் நெற்றி. அவருக்குப் பின்னால், தூணை ஒட்டி, இதுவரை யாரும் பார்த்திராத இன்னொரு பெண்ணும் வந்தார்.

“ஆயாவைக் கொஞ்சம் கலராக் காட்டும்மா” என்றார் பெரியம்மா. நம் பேச்சில் கலர் என்றால் வெளுப்பு. வெளிச்சத்தை ஏற்றினால் முகம் தெரியும், தோலின் நிறம் மாற வேண்டியதில்லை என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். வெயிலில் இருந்த அவருடைய மகனின் கைநிறத்தை அளவாக வைத்துக்கொண்டோம். பார்த்துவிட்டு, “ஆமா, எங்க நெறந்தான்” என்றார்.

அடுத்தது பொட்டு. “தாத்தா போனதுக்கப்புறம் நெத்தியில ஒண்ணுமே வெக்கலையாம். படத்துலயாவது வெச்சுக்கட்டுமே.” இதை எளிதாக மறுக்க முடியவில்லை. ஆயாவுக்கு மறுக்கப்பட்டதைப் பேத்தி திருப்பிக் கொடுக்க நினைக்கிறார். ஆனால் அந்த வெறும் நெற்றி ஒரு சாட்சியம். பொட்டு வைத்த படம் மட்டும் எஞ்சினால், அவர்மேல் நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடும். பூசையறைக்குப் பொட்டு வைத்த பிரதி ஒன்று போட்டு, ‘பொட்டு பின்னர் வரையப்பட்டது’ என்று பின்புறம் எழுதினேன். மற்றப் பிரதிகளில் நெற்றி இருந்தபடியே இருக்கிறது.

மூன்றாவது, தூணருகே நின்றவர். “வேலைக்கு வந்தவங்களா இருக்கும். எடுத்துடலாமே?” இரண்டு நிமிட வேலைதான். 1868க்கும் 1875க்கும் இடையில் ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வில் எத்தனையோ பெண்கள் பெயரில்லாமல், சாதிக்கும் குலத்துக்கும் மாதிரிகளாக நிற்கிறார்கள். அங்கே முகம் இருந்தது, பெயர் இல்லை. இங்கே முகத்தையும் எடுத்துவிடச் சொல்கிறோம். “அவங்களுக்கு வேற படமே இல்லாம இருக்கலாம் பெரியம்மா” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.

முகத்தைத் தானாகவே தெளிவாக்கும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே உள்ளன. அவை படத்தில் உள்ளதை மட்டும் வெளிக்கொண்டு வருவதில்லை. பயிற்சியில் பார்த்த முகங்களைக் கொண்டு இல்லாததை ஊகித்து வரைகின்றன. 2020இல் அப்படிப்பட்ட ஒரு நிரலிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வந்தது. இத்தகைய நிரல்கள் பலவற்றுக்குப் பயிற்சி தந்த தொகுப்பு, ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள். அதில் நம் ஆயாக்களின் சாயல் எவ்வளவு இருக்கும்? கிடைப்பது அழகான முகமாக இருக்கலாம், ஆனால் அது வேறொருவருடையது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்ணியல் வடிவில் பாதுகாத்திருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் விரிசலும் கறையும் படத்தோடு சேர்ந்தே காக்கப்படும். வீட்டிலும் இதைச் செய்யலாம். திருத்தாத ஸ்கேன் ஒன்றை முதலில் தனியே வைக்க வேண்டும். அதன் பிரதியில்தான் கைவைக்க வேண்டும். என்ன மாற்றினோம் என்று எழுதிவைக்க வேண்டும். வீட்டின் மூத்த பெண்கள் இருக்கும்போதே படத்தை அவர்கள் மடியில் வைத்துப் பெயர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருளும் பெயரை மீட்டுத் தராது.

பெரியம்மாவின் படத்துக்குப் பின்னால் பதினோரு பெயர்கள் எழுதினோம். பன்னிரண்டாவது இடத்தில் ‘தூணருகே நிற்பவர், பெயர் தெரியவில்லை’ என்று இருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம்.