மூட்டைக்குள் ஏறும் களை

நெல் வயலிலே களை மண்டினால் மகசூல் குறையும்; அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் களத்திலே அடித்துத் தூற்றினால் நெல் நெல்லாகத்தான் வரும். இலைக்காகப் பயிர் செய்கிற மூலிகையிலே அப்படி இல்லை. அங்கே களைச்செடியின் இலையும் பயிரின் இலையோடு சேர்ந்து மூட்டைக்குள்ளே ஏறிவிடும். நம்ம பக்கத்து நிலாவாரையின் சரித்திரத்தை வைத்தே இதைச் சொல்றேன்.

நிலாவாரையைச் சில ஊர்களிலே அவுரி என்பாங்க. சாயம் எடுக்கிற அவுரி வேறே, இது வேறே. இதன் இலையும் காயும் பேதி மருந்துக்குப் போகும். பூர்வீகம் அரபு நாடு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற வெள்ளைக்காரர் இதைப் பயிராக்கினார். அப்புறம் மதுரை, திருச்சி ஜில்லாக்களிலும் பரவியது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, 'திருநெல்வேலி சென்னா' என்று சீமை மருந்துக் கடைகளிலே பேர் வாங்கியது.

அந்தப் பேர் எதனால் வந்தது? அதுவரைக்கும் ஐரோப்பாவுக்குப் போனது எகிப்து வழியாக வந்த அலெக்சாண்டிரியா சரக்கு. காட்டிலே பறித்த அந்த இலையோடு ஆர்கல் என்கிற வேறொரு செடியின் இலையும் கலந்தே வரும். நம்ம சரக்கு வயலிலே விளைந்தது. இலை பெரிசு, கலப்பு குறைச்சல். சுத்தம்தான் விலையைத் தந்தது.

பிற்பாடு நம்ம சரக்கிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆவாரை இலை கலந்திருப்பதைச் சீமையிலே கண்டுபிடித்தார்கள். ஆவாரைதான் மதுரைக் கரட்டிலும் வரப்பிலும் கேட்பாரில்லாமல் வளர்கிறதே! காய்ந்த இலையைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். கந்தக அமிலம் பட்டால் ஆவாரை இலை இரத்தச் சிவப்பாகும். அதை வைத்துப் பிடித்தார்கள். வேண்டுமென்றே கலந்தவர்களும் இருந்திருப்பார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஐரோப்பிய மருந்து நூல் கணக்குப்படி, நிலாவாரை இலையிலே வேறு பொருள் நூற்றுக்கு 1 பங்குக்கு மேலே இருக்கக் கூடாது. அதாவது 100 கிலோ இலைக்கு 1 கிலோ.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1975இல், அப்போது மத்தியப் பிரதேசத்திலும் இப்போது சத்தீஸ்கரிலும் உள்ள சர்குஜா மாவட்டத்துக் கிராமங்களிலே ஜனங்களுக்கு வயிறு வீங்கி ஈரல் கெட்டது. 67 பேர் விழுந்தார்கள், 28 பேர் இறந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அவர்கள் தின்ற சாமையிலே கிலுகிலுப்பை விதை கலந்திருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆப்கானிஸ்தானத்திலும் இப்படி நடந்தது. அங்கே கோதுமையிலே கலந்தது தேள்கொடுக்கு இனத்து விதை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஈரல் பாதித்தது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இரண்டையும் நம்ம காட்டிலே பார்க்காதவர் யார்? (சணப்பும் கிலுகிலுப்பை இனம்தான். அதைப் பசுந்தாளாக மடக்கி உழுவதற்கும், மூலிகை நடுவே முளைத்து நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கு.)

இந்த ஈரல் விஷத்தைத்தான் இப்போது வெளிநாட்டிலே தேடுகிறார்கள். வெந்நீரில் போட்டுக் குடிக்கிற உலர்ந்த மூலிகைகளுக்கும், சீரகத்துக்கும்கூட, ஐரோப்பாவிலே 2022 ஜூலை முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மூலிகை இலைக்கு அது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஐயாயிரம் பங்காக்கினால் அதிலே ஒரு பங்கு! வயலிலே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற செடி போதும், ஒரு லோடு சரக்கே திரும்பி வரும்.

இனி நம்ம வேலைக்கு வருவோம். நிலாவாரை முதல் மாசத்திலே மெதுவாகத்தான் வளரும். சாரணையும் கோரையும் முந்திக்கொள்ளும். அதனாலே 25–30 நாளிலே முதல் களை, 75–80 நாளிலே இரண்டாம் களை என்று சொல்லிவருகிறார்கள். பயிரின் வளர்ச்சிக்கு அது சரி. ஆனா முதல் இலை பறிப்பு எப்போ? 60–70 நாளிலே! முதல் களைக்குப் பிறகு முளைத்ததெல்லாம் அதற்குள்ளே வளர்ந்து, பூத்து, பறிக்கிற கைக்கு எட்டுகிற உயரத்திலே நிற்கும். இரண்டாம் களை வரும்போது இலை மூட்டைக்குப் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பறிப்புக்கும் இரண்டு நாள் முன்னால் வயலை ஒரு சுற்று வாருங்கள். களைக்கொத்து வேண்டாம், கை போதும். சின்னப் புல்லைப் பற்றிக் கவலை இல்லை. இலை பறிக்கிற உயரத்திலே நிற்கிற வேற்றுச் செடியைத்தான் தேடணும். வரிசையாக விதைத்திருந்தால் இது சுளுவான வேலை. பறிக்க வருகிற பெண்களுக்குக் கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் கையிலே பிடுங்கிக் காட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்க. அந்தச் சமயத்திலே களைக்கொல்லி அடிப்பதை நான் ஒப்பமாட்டேன். இலைதான் சரக்கு, அதிலே மருந்து தங்கினால் அதுவும் சோதனையிலே அகப்படும். வரப்போரத்து ஆவாரையை வெட்ட வேண்டியதில்லை, அதற்கும் பிரயோசனம் இருக்கு. இலை உலர்த்துகிற களத்தை மட்டும் அதற்குத் தள்ளி வையுங்க.

பிடுங்கின கிலுகிலுப்பையை வரப்பிலே குவிக்காதீங்க. காய் முற்றியிருந்தால் வெயிலிலே வெடித்து, விதை திரும்பவும் வயலுக்குள்ளேயே விழும்.