எபாக்சி தரைப்பூச்சு: தாம்பரம் வட்டாரம்

எபாக்சி தரைப்பூச்சு என்பது பிசின், ஹார்டனர் என்ற இரு பகுதிகளைக் கலந்து கான்கிரீட் தரைமேல் ஏற்றப்படும் பூச்சு. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் அதிலுள்ள நீர் ஆவியாவதால் காய்கிறது. எபாக்சியோ வேதிவினையால் இறுகுகிறது. இறுகிய பின் வெயில் பட்டாலும் உருகாது. பிஸ்பினால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் ஆகிய இரண்டிலிருந்து பிசின் பிறக்கிறது. பின்னதை வடசென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரித்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான் 1930களில் பல்செட்டுக்காக ஆராய்ந்த இந்தப் பிசினைச் சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற ஒட்டுப்பசையாக அறிமுகம் செய்தது. தரைப்பூச்சும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தொழிற்கூடங்களில் பழகிய இப்பூச்சை இன்று கார் நிறுத்துமிடத்துக்கும் சிறு பட்டறைக்கும் வீட்டுக்காரர்களே பூசிக்கொள்கிறார்கள். தென்சென்னைப் புறநகரில் இந்த வேலையின் வெற்றியைத் தீர்மானிப்பது பெயிண்ட் டப்பா அன்று, தரைக்குக் கீழே இருக்கும் நீர்.

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என ஏரிகள் அடுத்தடுத்து அமைந்து, வழிந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேரும் நிலம் இது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாறு தொட்டுச் செல்கிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. வடகிழக்குப் பருவமழை முடியும்போது பல தெருக்களில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். கான்கிரீட்டின் நுண்துளைகள் அந்த ஈரத்தை மேலே இழுக்கின்றன. பூச்சில்லாத தரையில் அது சத்தமின்றி ஆவியாகிப் போகும். எபாக்சி அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஓதம் உப்பையும் காரத்தையும் சுமந்துகொண்டு பூச்சின் அடியில் தேங்கி, கொப்புளமாக எழும்புகிறது. கீறிப் பார்த்தால் உள்ளே வழவழப்பான காரநீர் இருக்கும். தளத்துக்கு அடியில் பாலித்தீன் விரிப்புப் போடாமல் கட்டிய பழைய வீடுகளில் இது மிகுதி.

ஆகவே முதலில் ஓதச் சோதனை. 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலும், தரை கருத்திருந்தாலும் ஈரம் ஏறுகிறது என்று பொருள். இங்கே பலர் தவறவிடுவது காலத்தை. மே மாதத்தில் இந்தச் சோதனையில் தேறும் தரை நவம்பரில் தேறாமல் போகலாம். சோதனையை மழைக்காலத்தின் கடைசியிலும், பூச்சைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் வைத்துக்கொள்வதே இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் முறை. மழைக்காலத்தில் தேறாத தரைக்குச் சாதாரண எபாக்சி கூடாது. ஈரத்தைத் தாங்கும் எபாக்சி-சிமெண்ட் மூன்று கூட்டுப் பூச்சை முதலில் போடலாம். அதற்குச் செலவிட மனமில்லையென்றால் ரெட் ஆக்சைடு தரையே மேல். ஈரம் போக அது வழிவிடும். மாடித் தளங்களுக்கு இந்தக் கவலை இல்லை. புதிய கான்கிரீட்டுக்கு மட்டும், எந்தத் தளமானாலும், 28 நாள் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது தரையைச் சொரசொரப்பாக்குதல். மேலே படிந்த சிமெண்ட் பால் பலவீனமான படலம். அதன்மேல் பூசினால் அதோடு சேர்ந்து பூச்சும் உரியும். வைரத் தட்டு பொருத்திய கிரைண்டரை வாடகைக்கு எடுத்து அரைப்பது சிறந்தது. நன்றாக அரைத்த தரையில் கருநீல ஜல்லி முகம் காட்டும். பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் வெட்டப்பட்ட சார்னோகைட் பாறையாக அது இருக்கலாம். ஆசிட் ஊற்றிக் கழுவுவது மலிவான வழி என்றாலும், காய வேண்டிய தரையை அது மறுபடி நனைக்கிறது, கம்பியை அரிக்கும் குளோரைடையும் உள்ளே விடுகிறது. வேறு வழியில்லாமல் ஆசிட் பயன்படுத்தினால் ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. வண்டி எண்ணெய்க் கறையை அரைப்பதற்கு முன்பே சோப்பு நீரால் எடுத்துவிட வேண்டும். கடைசியில் தரையில் ஒரு துளி நீர் விட்டால் அது முத்தாக நிற்காமல் உறிஞ்சப்பட வேண்டும்.

பூசும் நேரத்தைத் தேர்வதில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் ஏறும் காலையில் பூசினால், துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சில் ஊசித்துளை போடும். வெப்பம் இறங்கும் மாலை அதற்கு நல்லது. ஆனால் பிற்பகலில் கடற்காற்று ஈரப்பதத்தைக் கூட்டிவிடுகிறது. தரையின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியசாவது அதிகம் இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 26. தரை 29 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று வேலையைத் தள்ளிப்போட வேண்டும். மீறிப் பூசினால் ஹார்டனரிலுள்ள அமீனால் மேலே பிசுபிசுப்பான படலம் படியும். அதைச் சோப்பு நீரால் கழுவிக் காயவிடாமல் அடுத்த பூச்சு ஒட்டாது.

கலக்கும் விகிதம் டப்பாவில் எழுதியபடி இருக்க வேண்டும். எடையா கனஅளவா என்பதையும் படித்துக்கொள்ள வேண்டும். ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. கூடிய பகுதி வினைபுரியாமல் அப்படியே தங்கிப் பூச்சை மென்மையாக்கும். வாளியில் கலவை தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலைநேரம் பாதியாகிறது. எனவே சிறு சிறு அளவாகக் கலந்து உடனே தரையில் ஊற்றிப் பரப்புவது நல்லது. கரைப்பானில்லாத எபாக்சி 1 லிட்டர், 100 மைக்ரான் தடிமனில் 10 சதுர மீட்டருக்கு வரும். 200 சதுர அடிக் கார் நிறுத்துமிடத்துக்கு 150 மைக்ரான் வீதம் இரண்டு கோட் போட 6 லிட்டர் தேவை, பிரைமர் தனி.

கையில் நைட்ரைல் உறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை தோலில் ஏற்பட்டால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடியது. வெயில் விழும் இடங்களில் எபாக்சி மஞ்சளாகும் என்பதால் மேலே பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். மழைநீர் தெறிக்கும் வாசலோரத்தில் முதியவர்கள் வழுக்காதிருக்க, பூச்சு காயுமுன் சிலிக்கா மணல் தூவ வேண்டும். 24 மணி நேரத்தில் நடக்கலாம், காரை ஏற்ற 7 நாள் ஆக வேண்டும். அதற்குள் ஏற்றினால் சூடான டயர் பூச்சைப் பெயர்த்தெடுத்துவிடும்.