சட்டம் இருக்குமிடம்

சட்டம் அறியேன் என்பது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சாக்கு அன்று. ரோமானியர் காலந்தொட்டு வழங்கிவரும் நெறி இது. அப்படியாயின் குடிமகன் அச்சட்டத்தை எங்கே சென்று படிப்பான்? அரசுகள் இதைத் தம் கவலையாக எண்ணத் தொடங்கியது வெகு தாமதமாகத்தான். அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலம் இதற்குக் கண்ட விடையையும், அந்த விடைக்குள்ளேயே இருந்த ஒரு கோளாறையும் இங்கே பார்ப்போம்.

அந்நாட்டின் பழைய சட்ட நூலகங்கள் வழக்கறிஞர்களுடையவை. பிலடெல்பியாவில் 1802இலும் பாஸ்டனில் அதையடுத்தும் தோன்றிய நூலகங்களை அவர்களே பணம் சேர்த்து நடத்தினர். தீர்ப்புத் தொகுப்புகள் விலை மிகுந்தவை. ஒருவரால் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்கினர். பொதுமக்கள் அந்தக் கணக்கில் இல்லை.

தீர்ப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் அக்காலத்தில்தான் எழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டவர் ஹென்றி வீட்டன். அவருக்குப் பின் அப்பணிக்கு வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ், பழைய தொகுப்புகளைச் சுருக்கி மலிவு விலையில் வெளியிட்டார். வீட்டன் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் எழுதிய தீர்ப்பின்மேல் எந்தத் தொகுப்பாளருக்கும் பதிப்புரிமை இல்லை என்று 1834இல் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. உரிமை பொதுவாயிற்று, புத்தகங்கள் பொதுவாகவில்லை.

1891இல் கலிபோர்னியச் சட்டமன்றம், கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் சட்ட நூலகம் அமைக்கச் சட்டம் இயற்றியது. இன்று அங்குள்ள 58 மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். நீதிபதிகள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள் ஆகியோருடன் மாவட்டவாசிகள் அனைவருக்கும் நூலகம் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. லாஸ் ஏஞ்சல்ஸ் நூலகம் இவற்றுள் மிகப் பெரியது. 1953இல் திறக்கப்பட்ட அதன் தலைமைக் கட்டடம் மில்ட்ரட் லில்லி என்ற பெண் நீதிபதியின் பெயரைத் தாங்கியுள்ளது. 1971இல் அதிபர் நிக்ஸன் உச்ச நீதிமன்றத்திற்கு எண்ணிப் பார்த்து, வழக்கறிஞர் சங்கக் குழு தகுதியில்லை என்று ஒதுக்கிய அதே லில்லிதான். ஒதுக்கியவர்கள் எவர் பெயரிலும் நூலகம் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

இங்கே வருவோர் யார்? குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்பது 1963இல் கிடியன் வழக்கில் உறுதியாயிற்று. உரிமையியல் வழக்குகளுக்கு அத்தகைய பொது உரிமை இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், வாடகைதாரர் பதில் தாக்கல் செய்ய முன்பு 5 நாட்களே இருந்தன; 2025 முதல்தான் அது 10 நீதிமன்ற வேலை நாட்களாயிற்று. அதற்குள் உரிய படிவம் எது, எங்கே கொடுப்பது என்று அறிந்தாக வேண்டும். மணவிலக்கு, குழந்தைப் பொறுப்பு, இறந்தவர் சொத்து என வருவோர் பிரச்சினைகள் பலவிதம். நூலகர் புத்தகத்தை எடுத்துத் தரலாம்; தேடும் முறையைக் காட்டலாம். 'நான் என்ன எழுதட்டும்?' என்று கேட்டால் மட்டும் அவர் வாய் திறக்கக் கூடாது. அது சட்ட ஆலோசனை. வழக்கறிஞர் அல்லாதார் வழங்கினால் குற்றம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1971இல் பெர்க்லியில் நோலோ பதிப்பகம் தோன்றி, சாமானியர் தம் வழக்கைத் தாமே நடத்தும் கையேடுகளை வெளியிட்டது. வழக்கறிஞர் வட்டாரம் அதை விரும்பவில்லை.

இனி அந்தக் கோளாறு. இந்நூலகங்களின் பிரதான வருவாய் வரிப்பணம் அன்று. உரிமையியல் வழக்குத் தாக்கல் செய்வோர் கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு. வழக்காடுவோர் பணத்தில் வழக்காடுவோருக்கு நூலகம் என்பது 1891இல் நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் வறியவர்களுக்கு நீதிமன்றம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. தள்ளுபடியான கட்டணத்திலிருந்து நூலகத்திற்கு ஒரு காசும் வராது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியின்றி நூலகத்தையே நம்பி வருபவரும் பெரும்பாலும் அதே வறியவர்தான். 2009க்குப் பின் தாக்கலாகும் வழக்குகளும் குறைந்தன. சந்தா விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 2018இல் மாநில அரசு இந்நூலகங்களுக்கு 1 கோடியே 65 லட்சம் டாலரை ஒருமுறை உதவியாக ஒதுக்க நேர்ந்தது. சிறிய மாவட்டங்களின் நூலகங்கள் அதற்குள் வேலை நேரத்தையும் புத்தகங்களையும் குறைத்துக்கொண்டிருந்தன.