சக்கரத்தை ஏன்டா உள்ள இழுக்கணும்?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. லீவுக்கு திண்டிவனம் வீட்டுக்கு வந்திருந்தேன். பைக்குக்கு சந்தனம், குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்துல உள்ளேயிருந்து அம்மா குரல். "டேய், திருச்சியில ஏதோ பிளேன் இறங்க முடியாம சுத்துதாம்டா!"

திருச்சியிலிருந்து 141 பயணிகளோட ஷார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு. டிவியில ஒரே கேள்விதான்: சக்கரம் இறங்குமா, இல்ல வயிறு தரையில உரசித்தான் இறங்கணுமா? பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவுல வேலை. அவர் அந்த விமானத்துல இல்ல, முந்தின வாரமே போயிட்டார். ஆனாலும் அக்கா டிவி முன்னாடியிருந்து அசையல.

அப்போதான் அப்பா கேட்டார். "உள்ள இழுக்கறதாலதானே இவ்ளோ பிரச்சினை? பஸ்ஸு மாதிரி வெளியவே விட்டுட்டா என்ன?"

"அது வந்துப்பா... காத்து..."ன்னு இழுத்தேன். இஞ்சினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்ங்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். :-) அதுக்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இது.

உண்மையில ஆரம்பத்துல அப்பா சொன்ன மாதிரிதான் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு தபால் மூட்டையோட ஓட்டி வந்த புஸ் மாத் விமானத்துக்கு, எப்பவும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற சக்கரம்தான். (அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டு வந்தார்.) மணிக்கு 160 கி.மீ. சுமாருக்கு அது போதும்.

ஆனா காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 160 கி.மீ.ல இருந்து 800 கி.மீ.க்குப் போனா வேகம் 5 மடங்கு, அதே காத்துல எதிர்ப்பு 25 மடங்கு. அதனால 1930களில் சக்கரத்தை மடக்க ஆரம்பிச்சாங்க. 1935ல் முதல்முறை பறந்த டகோட்டாவுல மடக்கின பிறகும் பாதி சக்கரம் வெளியே தெரியும். எங்க ஊர்ப்பக்கம் உளுந்தூர்பேட்டையில இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு இருக்கு. அதைப் போட்ட காலத்துல மடக்குற சக்கரம் சகஜமாயிடுச்சு.

கூடவே புது வியாதியும் வந்தது: மறதி. சக்கரத்தை இறக்க மறந்து தரையில தேய்ச்ச விமானிகள் ஏராளம். அதுக்கு மருந்தாத்தான் எச்சரிக்கை ஹாரன், மூணு பச்சை விளக்கு, செக்லிஸ்ட் எல்லாம் வந்தது.

சரி, எப்போ இறக்குவாங்க? சின்ன வயசுல திண்டிவனத்து மொட்டை மாடியிலயோ விழுப்புரத்துல மாமா வீட்டு மாடியிலயோ நான் பார்த்த எந்தப் பிளேனுக்கும் சக்கரம் இருந்ததில்ல. ரயில்ல வந்து பரங்கிமலை, கிண்டி தாண்டும்போதுதான் சக்கரத்தோட பார்க்க முடியும். காரணம் சிம்பிள். பொதுவா ஓடுதளத்துக்கு 10 கி.மீ. சுமார் இருக்கும்போது, ஏறக்குறைய 2000 அடி உயரத்துலதான் இறக்குவாங்க. முன்னாடியே இறக்கினா எரிபொருள் வீண், சத்தமும் ஜாஸ்தி. வேகத்துக்கும் எல்லை இருக்கு. போயிங் 737-800ல் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல போகும்போது இறக்கக் கூடாது. லேட் பண்ணினா, ஏதாவது சிக்கல்னா சரிபார்க்க நேரம் இருக்காது. மேகமா இருந்தா 1000 அடிக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும், இல்லேன்னா திரும்ப மேலே ஏறணும்ங்கிறது பரவலான விதி.

2020 மே 22, கராச்சி. பாகிஸ்தான் ஏர்லைன்ஸோட ஏர்பஸ் ஏ320 அளவுக்கு மீறின உயரத்துல, வேகத்துல இறங்கி வந்தது. இறக்கின சக்கரத்தை நடுவுல திரும்ப மேலே தூக்கிட்டாங்க. எச்சரிக்கைகள் ஒலிச்சும் கவனிக்கல. எஞ்சின்கள் ஓடுதளத்துல உரச, மறுபடி மேலே ஏறி, ரெண்டு எஞ்சினும் நின்னு, குடியிருப்பு மேல விழுந்தது. விமானத்துல இருந்த 99 பேர்ல 97 பேர் இறந்துட்டாங்க.

இதுக்கு நேரெதிர் 2011 நவம்பர் 1, வார்சா. போலந்து நாட்டு போயிங் 767ல் ஹைட்ராலிக் போச்சு, மாற்று வழியிலயும் சக்கரம் இறங்கல. வயிற்றால உரசியே இறக்கினாங்க, 231 பேரும் பிழைச்சாங்க. அப்புறம் பார்த்தா ஒரு சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருந்தது, அவ்ளோதான்! அதைப் போட்டதும் சக்கரம் இறங்கிடுச்சு. நாங்க சாஃப்ட்வேர்ல "பேக்கப் இருக்கு சார்"னு சொல்லிட்டு அதை ஒரு தடவைகூட சோதிச்சுப் பார்க்காம விடுறது ஞாபகம் வந்தது.

திருச்சிக்கு வருவோம். 737லயும் மாற்று வழி உண்டு. விமானி அறையோட தரையில ஒரு மூடி, அதுக்குள்ள மூணு கைப்பிடி. இழுத்தா கொக்கி விடுபட்டு, தன் எடையிலயே சக்கரம் கீழே விழும். ஹைட்ராலிக்கே தேவையில்ல. அப்புறம் ஏன் சுத்தணும்? எடை. 737-800 சுமார் 79 டன்னோட கிளம்பலாம், ஆனா 66 டன் சுமாருக்குள்ளதான் இறங்கணும். எரிபொருளை வெளியே கொட்டுற வசதி 737ல் கிடையாது. எரிச்சுத்தான் தீர்க்கணும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல சுத்தி, ராத்திரி எட்டேகால் சுமாருக்கு, சக்கரம் ஒழுங்கா இறங்கி, வழக்கம்போலவே தரையைத் தொட்டது. 141 பேருக்கும் ஒண்ணும் ஆகல. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஷார்ஜாவுக்கு போன் போட்டாங்க.

அப்பா எழுந்து, "சரி, உன் சக்கரம் இன்னும் வாசல்லயே நிக்குது பாரு"ன்னார். ஒன்பது மணிக்குப் போய் எலுமிச்சம்பழத்தை ஏத்தி நசுக்கிட்டு வந்து சாப்பிட்டேன்.