பதுங்குகுழியின் மேல் ஒரு தோட்டம்

1938ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் லண்டன் ஹைட் பூங்காவின் புல்தரையைப் பெயர்த்து நீளநீளமாகப் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியைக் கேட்டு ஹிட்லர் படை திரட்டியிருந்த நேரம் அது. பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் நச்சுவாயு முகமூடிகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. செப்டம்பர் 30 அன்று கையெழுத்தான மியூனிக் உடன்பாடு போரைத் தள்ளிப்போட்டதே தவிர அச்சத்தைப் போக்கவில்லை. போர் இன்று வருமோ நாளை வருமோ என்ற கலக்கத்தில் அடுத்த பதினோரு மாதங்கள் கழிந்தன. பிறகு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் போர் நடந்தது. அந்தக் காலம் முழுவதும் வீட்டுத் தோட்டம் அந்நாட்டு மக்களுக்கு உணவு தந்தது, உயிரைக் காத்துக்கொள்ள இடம் தந்தது, மனத்தைத் தேற்றியும் வைத்தது. முதல் இரண்டும் அரசு திட்டமிட்டவை. மூன்றாவதை மக்களே கண்டுகொண்டார்கள்.

முதல் உலகப்போர் கற்றுத் தந்தது

போர்க்காலத் தோட்டம் பிரிட்டனுக்குப் புதிதல்ல. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது, நகராட்சிகள் காலி மனைகளைப் பாத்திகளாகப் பிரித்து மக்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்தன. 1918இல் இத்தகைய குத்தகைப் பாத்திகள் ஏறத்தாழ 15 லட்சம் இருந்தன. பிரான்ஸ் மண்ணில் அகழிகளுக்குள் மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்கள்கூட, பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே சின்னஞ்சிறு பாத்திகள் கட்டிப் பூச்செடியும் காய்கறியும் வளர்த்தார்கள்.

தோட்டம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதற்கு அந்தப் போரிலேயே ஒரு சான்று உண்டு. பெர்லினுக்கு அருகே ரூலேபன் என்னும் குதிரைப் பந்தயத் திடலில் 4,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குடிமக்களை ஜெர்மனி 1914 முதல் 1918 வரை அடைத்துவைத்திருந்தது. குதிரை லாயங்களே அவர்களுக்குத் தங்குமிடம். விடுதலை எப்போது என்பது யாருக்கும் தெரியாது. 1916இல் அவர்கள் தங்களுக்குள் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கி, அதை லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தோடு இணைத்துக்கொண்டார்கள். லண்டனிலிருந்து விதைகளும் பூக்கிழங்குகளும் அனுப்பப்பட்டன. லாயங்களைச் சுற்றிப் பூப்பாத்திகள் எழுந்தன, மலர்க் கண்காட்சி நடந்தது, திடலின் ஒரு பகுதியில் காய்கறித் தோட்டம் விளைந்தது. நாள் கணக்கை இழந்துவிட்ட கைதிகளுக்கு விதைப்பும் நாற்று நடவும் பூப்பும் நாள்காட்டியாயின.

மண்ணுக்குள் ஒரு கூடாரம்

1938 இறுதியில் வான்தாக்குதல் தற்காப்புக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சன். அதற்குமுன் வங்காள மாகாண ஆளுநராக இருந்தவர். அவர் பெயரால் வழங்கிய ஆண்டர்சன் பதுங்கிடம்தான் போரைப் பிரிட்டிஷ் தோட்டத்துக்குள் முதலில் கொண்டுவந்தது. நெளி வளைவுகள் கொண்ட இரும்புத் தகடுகளை வளைத்து மேலே இணைத்தால் சிறு கூடாரம்போல ஆகும். ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், ஆறடி உயரம். தோட்டத்தில் நான்கடி ஆழத்துக்குக் குழி வெட்டி அதை இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குல உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மூட வேண்டும். ஆறு பேர் அதில் நெருக்கியடித்து உட்காரலாம்.

1939 பிப்ரவரியில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் இவற்றின் விநியோகம் தொடங்கியது. ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். மற்றவர்கள் 7 பவுண்டு கட்டி வாங்கினார்கள். செப்டம்பரில் போர் மூள்வதற்குள் 15 லட்சம் பதுங்கிடங்கள் வீடுகளைச் சேர்ந்தன. போர் முடியும்போது அந்த எண்ணிக்கை 36 லட்சத்தை எட்டியது.

ரோஜாச் செடியையும் புல்தரையையும் வெட்டி எறிந்துவிட்டு, குண்டுக்கு அஞ்சி ஒளியும் குழியைத் தன் கையாலேயே தோண்டுவது மனம் ஒப்பிச் செய்கிற வேலை அல்ல. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஊறும். குளிர் எலும்பைத் தொடும். ஆனால் மேலே குவித்த மண் வெறுமனே கிடக்கவில்லை. அந்த மேட்டின் மேல் கீரையும் லெட்யூஸும் விதைத்தார்கள், பூசணி வகைக் கொடிகளைப் படரவிட்டார்கள், நுழைவாயிலின் இருபுறமும் பூச்செடி வைத்தார்கள். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன, மழையில் மேடு கரையாமல் நின்றது. இரவில் உயிருக்குப் பயந்து நுழைந்த அதே இடத்தில் காலையில் காய் பறிக்க முடிந்தது.

வெற்றிக்காக மண்ணைக் கொத்து

போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உணவுப்பொருளைக் கப்பலில் இறக்குமதி செய்துவந்தது. அந்தக் கப்பல்கள் மீண்டும் நீர்மூழ்கிகளுக்கு இரையாகும் என்று அரசுக்குத் தெரியும். போர் தொடங்கி ஒரு மாதத்திலேயே, 1939 அக்டோபரில், வேளாண் அமைச்சர் ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித் இன்னும் ஐந்து லட்சம் குத்தகைப் பாத்திகள் வேண்டும் என்று வானொலியில் அழைப்பு விடுத்தார். வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள் என்பதே இயக்கத்தின் முழக்கமாயிற்று. மண்வெட்டியை மிதித்து அழுத்தும் ஒரு காலின் படம் சுவரொட்டிகளில் நாடெங்கும் ஒட்டப்பட்டது.

1939இல் சுமார் 8 லட்சமாக இருந்த பாத்திகள் 1943இல் 14 லட்சமாயின. லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. கென்சிங்டன் தோட்டத்தில் மலர்கள் நின்ற இடத்தில் முட்டைகோஸ் வரிசைகட்டியது. கியூ தாவரவியல் தோட்டத்தில் மாதிரிப் பாத்தி ஒன்று போட்டு, எதை எப்போது விதைப்பது என்று வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். 1941 முதல் கோடைக்காலத்தில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே நகர்த்திவைத்தார்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் நீடித்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க உழைத்தவர்கள் அந்த அந்திப்பொழுதில் களை பறித்தார்கள், நீர் ஊற்றினார்கள், வேலிக்கு அப்பால் நின்ற அண்டை வீட்டாரோடு பேசினார்கள்.

ஞாயிறு மதியங்களில் பி.பி.சி.யில் சி. எச். மிடில்டன் பேசுவார். நார்த்தாம்ப்டன்ஷையரில் ஒரு பெரிய பண்ணை வீட்டுத் தலைமைத் தோட்டக்காரரின் மகன். போர்ச் செய்திகளுக்கு நடுவே பீன்ஸ் கொடிக்குக் கம்பு நடுவதைப் பற்றியும் மக்கு எரு சேர்ப்பதைப் பற்றியும் அவர் நிதானமான குரலில் சொல்வதைக் கேட்க 35 லட்சம் பேர் வானொலி முன் அமர்ந்தார்கள்.

தோட்டத்தின் அருமையை நன்றாக உணர்த்தியது வெங்காயம். பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1940 ஜூனில் இரண்டும் ஜெர்மனி வசமானதும் சந்தையிலிருந்து வெங்காயமே மறைந்துபோனது. ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்து அலுவலகங்களில் குலுக்கல் நடத்தினார்கள். பிறந்தநாளுக்கு வெங்காயம் கொடுத்தால் அது உயர்ந்த பரிசு. தன் பாத்தியில் நாலு வெங்காயம் விளைந்தவர் அந்த ஆண்டு தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்.

இரண்டு தோட்டங்கள்

சசெக்ஸின் ராட்மெல் கிராமத்தில் மங்க்ஸ் ஹவுஸ் என்ற வீட்டை எழுத்தாளர் தம்பதியான லெனார்ட் வுல்ஃபும் வர்ஜினியா வுல்ஃபும் 1919இல் வாங்கியிருந்தார்கள். லெனார்ட் 1904இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்து, யாழ்ப்பாணத்தில் தன் பணியைத் தொடங்கியவர். மங்க்ஸ் ஹவுஸ் தோட்டம் அவருடைய உழைப்பு. போர் மூளுமுன் கடைசி மாதங்களில் ஒருநாள் அவர் பழத்தோட்டத்தில் ஓர் ஆப்பிள் மரத்தடியில் ஊதா நிற ஐரிஸ் கிழங்குகளை நட்டுக்கொண்டிருந்தார். வானொலியில் ஹிட்லர் பேசுவதாக வர்ஜினியா ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். லெனார்ட் போகவில்லை. ஹிட்லர் செத்து நெடுங்காலமான பின்னும் இந்த ஐரிஸ் பூத்துக்கொண்டிருக்கும் என்று பதில் சொல்லிவிட்டு நடவைத் தொடர்ந்தார். ஹிட்லர் இறந்து 21 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவற்றில் சில பூத்ததைத் தன் வரலாற்றில் அவரே பதிவுசெய்திருக்கிறார்.

லெனார்ட் யூதர். ஜெர்மானியர் படையெடுத்து வந்தால் இருவரும் உயிரை முடித்துக்கொள்வது என்று பேசிவைத்திருந்தார்கள். 1940இல் லண்டனில் அவர்கள் குடியிருந்த வீடு குண்டுவீச்சில் சிதைந்தது. 1941 மார்ச்சில் வர்ஜினியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய அஸ்தி அதே தோட்டத்தில் ஓர் எல்ம் மரத்தடியில் புதைக்கப்பட்டது. தோட்டம் எல்லாத் துயருக்கும் மருந்தாகிவிடாது என்பதற்கு அவருடைய வாழ்வு சாட்சி. லெனார்ட் 1969இல் இறக்கும்வரை அந்த மண்ணைக் கைவிடவில்லை.

இன்னொரு தோட்டம் கென்ட்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட். கவிஞர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரால்ட் நிகல்சனும் 1930இல் பாழடைந்த அந்தக் கோட்டை வீட்டை வாங்கி உருவாக்கியது அது. 1940 கோடையில் பிரிட்டன் வான்போர் கென்ட்டின் தலைக்கு மேல்தான் நடந்தது. எதிரி வந்துவிட்டால் உட்கொள்ள இவ்விருவரும் நஞ்சு வைத்திருந்தார்கள். இளம் தோட்டக்காரர்கள் படைக்குப் போய்விட்டார்கள், புல்தரை வெட்டப்படாமல் உயரமாக வளர்ந்தது. ஆனாலும் போரின் முதல் குளிர்காலத்திலேயே வெள்ளை மலர்கள் மட்டும் கொண்ட ஒரு தோட்டத்தை வீட்டா மனத்தில் வரைந்துவிட்டார். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே அது மண்ணில் எழுந்தது. போர்க்காலத்தில் அவர் எழுதிய தோட்டம் பற்றிய நெடுங்கவிதை 1946இல் வெளியாகி ஹைன்மன் பரிசு பெற்றது. பரிசாக வந்த 100 பவுண்டையும் அவர் அசேலியாச் செடிகள் வாங்கவே செலவழித்தார்.

பூவுக்குத் தடை

உணவை மட்டுமே கணக்கில் எடுத்த அரசுக்குப் பூ ஆடம்பரமாகத் தெரிந்தது. மலர்ப் பண்ணைகள் காய்கறிக்கு மாறும்படி உத்தரவிடப்பட்டன. பின்னர் ரயிலில் பூ அனுப்புவதற்கும் தடை வந்தது. கார்ன்வாலின் பூக்காரர்கள் பூக்களைத் துணிப்பெட்டிக்குள் மறைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்குவதற்கும் ஆள் இருந்தது. 1943இல் பிரதமர் சர்ச்சில் தலையிட்ட பிறகு தடை நீங்கியது. உணவு ரேஷனைப் பொறுத்துக்கொண்ட மக்கள் பூ இல்லாமல் இருக்கச் சம்மதிக்கவில்லை என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

இடிபாட்டில் பாத்தி

1940 செப்டம்பர் 7 முதல் லண்டன் மீது 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்தது. 1941 மே மாதம்வரை நீடித்த அந்தத் தாக்குதலில் நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்தார்கள். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் தெருத்தெருவாக வீடுகள் தரைமட்டமாயின. அங்கிருந்தவர்கள் சங்கம் அமைத்து அந்த மனைகளையே தோட்டமாக்கினார்கள். செங்கலையும் கண்ணாடித் துண்டையும் கையால் பொறுக்கி, மண்ணைச் சலித்து, பொறுக்கிய செங்கல்லைக் கொண்டே பாத்திகளுக்கு வரப்புக் கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாத்திகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1943இல் அரசி எலிசபெத் அந்தத் தோட்டங்களைப் பார்க்க வந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் வளாகத்தில் குண்டு விழுந்து உண்டான வட்டப் பள்ளத்தை அப்படியே காய்கறித் தோட்டமாக மாற்றினார்கள். பிக்கடிலியில் 1940 அக்டோபரில் இடிந்த செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் பக்கத்து நிலம், லண்டன் மக்களின் மன உறுதிக்கு நினைவாக 1946இல் தோட்டமாகத் திறக்கப்பட்டது.

ஆறுதலின் காரணம்

போர் ஒரு மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது தன் நாளைத் தானே தீர்மானிக்கும் உரிமையை. குண்டு எங்கே விழும், கப்பல் வருமா, மகன் திரும்புவானா என்பவை எதுவும் அவன் கையில் இல்லை. தோட்டத்தில் அப்படியல்ல. ஆழமாகக் கொத்தினால் வேர் இறங்கும், தவறாமல் நீர் ஊற்றினால் நாற்று பிடிக்கும். செய்த வேலைக்கும் கிடைத்த பலனுக்கும் நேரான தொடர்பு எஞ்சியிருந்த இடம் அதுவே. விதை போடுகிறவன் இன்னும் மூன்று மாதம் தான் இருப்பேன் என்று நம்பிப் போடுகிறான். விழித்த கண்ணோடு இரவைக் கழித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை பெரிய பலமாக இருந்தது.

போர் முடிந்தும் ரேஷன் உடனே முடியவில்லை. 1954 ஜூலையில்தான் அது முற்றிலும் நீங்கியது. அதன்பின் கடைகள் நிறைந்தன, பாத்திகள் குறைந்தன, அவற்றுக்காக எடுத்த நிலங்கள் பூங்காக்களாகவும் குடியிருப்புகளாகவும் திரும்பின. மக்களுக்குக் காய்கறி வளர்க்கக் கற்றுத்தர அரச தோட்டக்கலைச் சங்கம் 1941இல் படங்களோடு வெளியிட்ட கையேடு மட்டும் நெடுங்காலம் மறுபதிப்புக் கண்டது. போருக்குப் பின் பசியில் வாடிய ஜெர்மன் மக்களுக்காக அது ஜெர்மன் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஜெர்மன் குண்டுகளுக்கு அடியில் கற்ற பாடத்தை ஜெர்மானியருக்கே கொடுத்ததுதான் அந்தப் போர்க்காலத் தோட்டங்களின் மிக உயர்ந்த விளைச்சல்.